குழாயடிக் குரல்

பேய்ப்படத்தையும் கொலைகாரன் படத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பேய்க்கு ஒரு காரணம் இருக்கும், பரிகாரம் இருக்கும், கடைசியில் ஒரு பூசாரியாவது வந்து சேருவார். முகமூடி போட்டுக்கொண்டு ஆயுதத்தோடு வருகிறவனுக்கு இதெல்லாம் கிடையாது. வருவான், ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டுவான், கடைசியில் ஒரு பெண் மட்டும் மிஞ்சுவாள். இந்தச் சின்ன வித்தியாசத்தை விளக்கி விளக்கியே மும்பையில் வரும் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைப் பல வருஷம் நிரப்பியிருக்கிறேன். பகலில் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தா, வார இறுதியில் சினிமா விமர்சகன். ஆபீஸிலிருந்து ரிடையர் ஆகிவிட்டேன். விமர்சனத்திலிருந்து யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை, அதுதான் வினையாகப் போயிற்று.

எனக்கு நாக்கில் சனி என்று என் மனைவி சொல்வாள். நாக்கில் இருந்தது பேனாவுக்கு இறங்கியதும் ஊரில் பெயர் கிடைத்தது. மாட்டுங்காவில் காய் வாங்கப் போனால் யாராவது முன்பின் தெரியாத பெரியவர் நிறுத்தி, போன வாரம் கிழி கிழியென்று கிழித்துவிட்டீர்களே என்று கையைப் பிடித்துக் குலுக்குவார். பாராட்டி எழுதிய படத்துக்காக ஒருவர்கூட என் கையைக் குலுக்கியது கிடையாது. மனுஷன்தானே நானும். கிழிக்கிற வேலையே சுகமாகப் பழகிவிட்டது.

அந்தப் பழைய படத்தின் பெயர் இங்கே வேண்டாம். பனி பெய்யும் ஏதோ ஒரு தேசம், மூடிப்போன ஒரு ஐஸ் ஃபாக்டரி, ஐஸ் உடைக்கும் ஊசியோடு ஒருவன். அவ்வளவுதான் கதை. நாங்கள் அதைப் பார்த்தது தாராவியில், தகரக் கூரை போட்ட ஒரு வீடியோ பார்லரில். நாங்கள் என்றால் நானும் என் மச்சினனும். அப்போது அவன் மச்சினன் இல்லை, அங்கே எங்கள் வீட்டுக்குப் பக்கத்து லைன் சேக்காளி. என்னைவிட இளையவன். பிறகுதான் அவன் அக்காவைக் கட்டினேன்.

அந்தப் படத்தில் ரத்தம் அநேகமாகக் கிடையாது. ஊசி ஐஸில் இறங்குகிற சத்தம் மட்டும் வரும். டொக், டொக், டொக். சத்தம் நின்றால் யாருக்கோ முடிந்தது என்று அர்த்தம். ஒரு இடத்தில் சத்தம் நின்றுபோய் வெகுநேரம் ஒன்றுமே நடக்காது. பார்லரில் மூச்சுவிடுகிற சத்தம் கேட்கிறது. சட்டென்று அந்த ஊசி கதவைத் துளைத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தது. நான், மீசை முளைத்த ஆம்பிளை, நிறைந்த சபையில் "எந்தாயீ, என்னைக் கொல்லுதானே" என்று அலறி எழுந்து முன்னால் இருந்தவர் மடியில் விழுந்தேன். அதற்கப்புறம் படத்தை யார் பார்த்தார்கள்? என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். என் கல்யாணத்தில்கூட மாப்பிள்ளைத் தோழனாக நின்ற மச்சினன் என் காதில் அந்த வசனத்தைச் சொல்லி மானத்தை வாங்கினான்.

இப்போது அதே படத்தைப் புதிதாக எடுத்து ஓடிடியில் விட்டார்கள், தமிழ்க்குரலும் சேர்த்து. விடுவேனா? செம்பூர் வீட்டில் மத்தியானம் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்தேன். ஆரம்பத்திலேயே தெரிந்துபோயிற்று. பழைய படம் எதையெல்லாம் ஒளித்துவைத்ததோ அதையெல்லாம் புதிய படம் வெளிச்சம் போட்டுக் காட்டியது. கொலைகாரனுக்கு ஒரு சின்ன வயசுக் கதை, அவன் அப்பா அடித்தார், அம்மா விட்டுப்போனாள் என்று ஒரு பாட்டம் அழுகை. அவன் பாவம் என்று தெரிந்த பிறகு பயம் எங்கே வரும்? ஊசி இறங்குகிற இடத்தையெல்லாம் கிட்டத்தில் போய்க் காட்டினார்கள். எனக்குப் பசிதான் எடுத்தது.

கடைசியில் மிஞ்சுகிற அந்தப் பெண் ஐஸ் பாளங்களுக்கு நடுவே ஓடுகிறாள். அதுவரை மற்ற டப்பிங் படம்போலத் தண்ணீர்த் தமிழ் பேசிக்கொண்டிருந்தவள், அங்கே வந்ததும் "கிட்ட வராதல, வந்தேன்னா கொன்னுபோடுவேன்" என்று தொண்டை கிழியக் கத்தினாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பயத்தில் இல்லை, எரிச்சலில். அந்த நேரம் பார்த்து என் மனைவி அடுக்களையிலிருந்து ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி எட்டிப் பார்த்தாள்.

"பிள்ள வந்திருக்காளா? அவ சத்தம்லா கேட்டுது."

பிள்ளை என்றால் மச்சினனின் மகள். தாயில்லாப் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அம்மா போய்விட்டாள். லீவு விட்டால் செம்பூரில் எங்கள் வீட்டில்தான் கிடப்பாள். எங்களுக்குக் குழந்தை கிடையாது, அதனால் அத்தையும் மருமகளும் ஒட்டிக்கொண்டார்கள். நான் டிவியைக் காட்டி, பிள்ளையும் இல்லை ஒன்றும் இல்லை, வெள்ளைக்காரி உங்க ஊர்ப் பாஷையில் கொலைகாரனை வைகிறாள் என்றேன். அவளும் சிரித்துவிட்டு உள்ளே போனாள். நானும் சிரித்தேன். சிரித்தபோதே விமர்சனத்துக்கு ஒரு வரி கிடைத்துவிட்டது. படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் படம் மூலைக்குச் சுருங்கியது, டிவி அடுத்த படம் வேண்டுமா என்று கேட்டது. வேண்டாம் என்று அணைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

எழுதினது இதுதான். "பனிநாட்டுக் கதாநாயகிக்குத் தமிழ்க்குரல் கொடுத்த புண்ணியவதி யாரென்று தெரியவில்லை. கொலைகாரன் எதிரே நிற்கும்போது இவர் தாராவிக் குழாயடியில் குடத்துக்குச் சண்டை போடுவதுபோலக் கத்துகிறார். இந்தக் குரலைக் கேட்டுக் கொலைகாரனே பயந்து ஓடியிருக்க வேண்டும். ஓடாதது இயக்குநரின் பிழை." ஆசிரியர் போன் போட்டு, பிரமாதம், இந்த வரியைத்தான் கட்டம் கட்டிப் போடப்போகிறேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மனைவி அதைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். தாராவியில் பிறந்தவள், குழாயடியில் குடம் வைத்துச் சண்டை போட்டு வளர்ந்தவள். அவளே சிரிக்கிறாள் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்றைக்கு மத்தியானம் வழக்கம்போல மச்சினன் வீட்டில் கறிச்சோறு. அவனுக்குத் தாராவியில் பலசரக்குக் கடை. கீழே கடை, மேலே வீடு. அங்கே ஞாயிற்றுக்கிழமை ஒரு வழக்கம் உண்டு. சாப்பிட்டு வெற்றிலை போட்டதும் நான் என் விமர்சனத்தை உரக்க வாசிக்க வேண்டும். மச்சினன் சின்ன வயசிலேயே கடையில் நின்றுவிட்டதால் எழுத்துக்கூட்டிக் கடைப் பலகைதான் படிப்பான், பத்திரிகையெல்லாம் முடியாது. மகள் இங்கிலீஷ் மீடியம். ஹிந்தி எழுதுவாள், மராத்தி எழுதுவாள், தமிழ் வாயில் மட்டும்தான். ஆக, என் எழுத்தின் முதல் ரசிகர்கள் இரண்டு பேருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. நான் ஏற்ற இறக்கத்தோடு வாசிப்பேன், மச்சினன் தொடையில் தட்டிச் சிரிப்பான். மும்பை முழுக்கக் கிடைத்த பெயரைவிட அந்தச் சிரிப்புதான் எனக்குப் பிடிக்கும்.

நான் பத்திரிகையை விரிக்கப் போகும்போது பிள்ளை குறுக்கே கையை நீட்டினாள். ஒரு சங்கதி சொல்ல வேண்டும், இவ்வளவு நாள் சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள் என்றாள். விளம்பரத்துக்குக் குரல் கொடுக்கப் போகிறேன் என்று அவள் அந்தேரிப் பக்கம் போய் வந்துகொண்டிருந்தது எங்களுக்குத் தெரியும். அது விளம்பரம் மட்டும் இல்லையாம். ஒரு முழுப் படம். தமிழ் வசனத்தையெல்லாம் ஹிந்தி எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு பேசினாளாம். கதாநாயகிக்கே இவள்தானாம். என் கையிலிருந்த பத்திரிகையில் அந்தப் படத்தின் போட்டோவைத் தொட்டுக் காட்டினாள்.

"மாமா பாத்து எழுதிருக்கீங்கல்லா, அந்தப் படம்தான். ஐஸ் ஃபாக்டரி. நான்தான் மாமா அந்த ஹீரோயின்."

மச்சினன் எழுந்தே விட்டான். நாம வீடியோ பார்லரில் பார்த்த படமா அத்தான், அதிலே எம் மவளா என்று என் தோளைப் பிடித்து உலுக்கினான். அவன் கண் கலங்கியிருந்தது. பிள்ளை காலை மடித்து என் எதிரே உட்கார்ந்துகொண்டாள். நீங்கள் யாரையும் சும்மா விடமாட்டீர்கள் என்று தெரியும், என்னையும் அப்படியே எழுதட்டும் என்றுதான் படம் வந்த பிறகும் சொல்லவில்லை, உள்ளதை உள்ளபடி வாசியுங்கள் என்றாள். நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் வெற்றிலைத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசித்தேன். ஐயா, என்னென்று சொல்வது? பழைய படத்தைப் பற்றிய பகுதி வரைக்கும் அச்சில் இருந்ததையே வாசித்தேன். கொலைகாரனின் அழுகையைக் கிண்டல் செய்த இடத்தில் மச்சினன் தொடையில் தட்டினான். அதற்குக் கீழேதான் அந்தக் கட்டம் கட்டின வரிகள். என் கண் அதில் இருந்தது, வாய் வேறு எதையோ சொன்னது. "கதாநாயகிக்குத் தமிழ்க்குரல் கொடுத்த இளம் கலைஞரின் உழைப்பு போற்றத்தக்கது. அச்சத்தையும் துணிச்சலையும் ஒருங்கே வெளிப்படுத்தி ரசிகர்களின் நெஞ்சைக் கொள்ளைகொள்கிறார்." வேறு எவனாவது இப்படி எழுதியிருந்தால் அவனை ஒரு வாரம் விடாமல் கேலி செய்திருப்பேன். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். நான் முதல் தடவை என்ன சொன்னேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. ஏதோ உளறினேன், இந்தத் தடவை கொஞ்சம் சுருக்கமாக. அவள் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தேங்க்யூ மாமா என்று பத்திரிகையை வாங்கிக்கொண்டாள். தமிழ் எழுத்தின்மேல் விரலை வைத்துத் தடவி, இதிலே நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்டாள். கட்டத்தைக் காட்டினேன். கட்டம் கட்டியா போட்டிருக்கிறார்கள் என்று மச்சினனுக்கு அதில் இன்னொரு சந்தோஷம்.

திரும்பி வரும்போது ஆட்டோ சயானைத் தாண்டியது. என் மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"நான் அன்னைக்கே கேட்டேன்லா, பிள்ள சத்தம்னு. எனக்குத் தெரிஞ்சுது, ஒங்களுக்கு எப்பிடித் தெரியாமப் போச்சு?"

தெரியாமல் போகவில்லை. அந்தக் குரல் எங்கேயோ கேட்டது என்று எனக்கும் பட்டது. பட்டதனால்தான் எரிச்சல் வந்தது. செம்பூருக்கு வந்து, ஆபீஸில் நாசூக்காகத் தமிழ் பேசும் மாட்டுங்காக்காரர்களோடு உட்கார்ந்து, அவர்கள் என் பேச்சைக் கேட்டு வாய்க்குள் சிரித்ததைப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக என் நாக்கைக் கழுவிக்கொண்டவன் நான். இப்போது நான் பேசினால் எந்த ஊர் என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது. கழுவித் தொலைத்ததை ஒரு பெண் பனிநாட்டில் நின்றுகொண்டு திரும்பக் கத்தினால் சும்மா இருப்பேனா? ஆடிவிட்டேன்.

நாளைக்கே போய்ச் சொல்லிவிடுங்கள் என்றாள் மனைவி. சொல்கிறேன் என்றேன். மறுநாள் முழங்கால் வலித்தது. அதற்கு மறுநாள் மழை. பிறகு பிள்ளைக்கு வேலை இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன். அடுத்த ஞாயிறுகளில் ஏதாவது சாக்குச் சொல்லி மச்சினன் வீட்டுப் பக்கமே போகவில்லை. வேறு எதையும் உருப்படியாக எழுதவும் முடியவில்லை. ஒரு மட்டமான படத்தைக்கூட ஆஹா ஓஹோ என்று எழுதி அனுப்பினேன். உடம்பு சரியில்லையா என்று ஆசிரியர் கேட்டார்.

அப்போதுதான் மச்சினன் போனில் சொன்னான். சென்னையிலிருந்து ஒரு டப்பிங் ஸ்டுடியோவில் பிள்ளையைக் குரல் டெஸ்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார்களாம். தேறினால் அங்கேயே வேலை. அத்தான் எழுதினதை லேமினேஷன் போட்டுக் கடைக் கண்ணாடியில் ஒட்டிவைத்திருக்கிறேன், அதைக் கழற்றிக் கையோடு கொடுத்துவிடப் போகிறேன், சர்ட்டிபிகேட்டைவிட அதுதானே பெரிசு என்றான். சென்னை ஸ்டுடியோவில் எல்லாருக்கும் தமிழ் படிக்கத் தெரியும். இந்தப் பிள்ளை சிரித்த முகத்தோடு அதை மேஜைமேல் வைப்பாள், அவர்கள் குனிந்து படிப்பார்கள். நினைக்கவே முடியவில்லை. என் மனைவி செருப்பை எடுத்து வாசலில் போட்டு, கிளம்புங்கள், சொல்லாமல் வீட்டுக்குள் வரக் கூடாது என்றாள்.

கடைக்குப் போனபோது கல்லாவில் மச்சினன் இருந்தான். நான் வந்ததை அவன் பார்க்கவில்லை. கடலைமாவு வாங்க வந்த, எங்கள் பக்கத்து ஊர்க்காரரான ஒரு அண்ணாச்சியிடம் கண்ணாடியில் ஒட்டியிருந்ததைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, எங்க அத்தான் எம் மவளப் பத்தி எழுதிருக்காவ. கட்டம் கட்டிப் போட்டிருக்கு. கொஞ்சம் வாசிங்களேன், கேப்போம்."

அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கிட்டத்தில் போனார். உதடு அசைந்தது. கட்டம் வந்ததும் நின்றது. அவர் திரும்பி மச்சினன் முகத்தைப் பார்த்தார். அவன் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றான், கையில் மாவு அள்ளுகிற கரண்டி. அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். "இந்தப் பெண்ணின் குரல் குயிலின் குரல். கேட்கக் கேட்கத் திகட்டவில்லை. இவரைப் பெற்ற தகப்பனார் பாக்கியசாலி." அச்சில் இருப்பதைப் படிக்கிறவர்போலவே விரலை வரிமேல் நகர்த்திக்கொண்டு வாசித்தார். மச்சினன், இன்னைக்குக் குயில்னுல்லா வருது என்று மட்டும் சொல்லிவிட்டுச் சிரித்தான். கடலைமாவை நிறுக்கும்போது ஒரு கரண்டி கூடப் போட்டான்.

பொட்டலத்தை வாங்கிக்கொண்டு படியிறங்கும்போது அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் முன்பு குடியிருந்த அந்தப் பக்கத்தில் என்னைத் தெரியாதவர்கள் கிடையாது. பக்கத்தில் வந்து, மச்சினன் காதில் விழாதபடி, "நல்லாத்தான் எழுதுதிய" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நடு ரோட்டில் செருப்பால் அடித்திருந்தாலும் இவ்வளவு உறைத்திருக்காது.

பிள்ளை மேலிருந்து இறங்கி வந்தாள். மாமாவை ஸ்டேஷன் வரைக்கும் விட்டுவிட்டு வருகிறேன் என்று அப்பாவிடம் சொன்னாள். என்னை அந்த நேரத்தில்தான் கவனித்த அவன், இப்போதுதானே வந்தார், அதற்குள்ளாகவா என்றான். அவள் முன்னால் நடந்தாள். லேபர் கேம்ப் வழியாக மாட்டுங்கா ஸ்டேஷனுக்குப் போனோம். நான் எப்படி ஆரம்பிப்பது என்று வார்த்தை தேடிக்கொண்டே நடந்தேன். அவள் மறுநாள் ரயில், சென்னையில் தங்கப்போகிற இடம், அத்தை கட்டிக்கொடுக்கப்போகிற புளிச்சோறு என்று பேசிக்கொண்டே வந்தாள். பிளாட்பாரத்தில் ஒரு பெஞ்சு காலியாக இருந்தது. உட்கார்ந்தோம்.

பிள்ளே, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தேன். அவள் போனை எடுத்தாள். அதில் என் விமர்சனத்தின் படம் இருந்தது.

"தெரியும் மாமா. நீங்களே ரெண்டு தடவ ரெண்டு மாதிரி வாசிச்சிய. கடைக்கு வாறவங்க ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு வாசிக்காங்க. ஒருத்தர் குயிலுங்காரு, ஒருத்தர் தேனுங்காரு, ஒரு ஆச்சி சரஸ்வதி கடாட்சம்னே சொல்லிட்டாவ. ஒரு பேப்பருக்குள்ள எத்தன பேப்பர் மாமா இருக்கும்?"

போனில் எழுத்தைக் காட்டினால் வாசித்துச் சொல்கிற வசதி இருக்கிறதாம். போட்டுக் கேட்டிருக்கிறாள். என்றைக்கு என்று நான் கேட்கவில்லை. மன்னித்துவிடு என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. தெரியாமல் எழுதிவிட்டேன், நீ என்று தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன் என்றேன். சொல்லி முடித்ததும்தான் அதில் என்ன இருக்கிறது என்று எனக்கே விளங்கிற்று. வேறு யாராவது குழாயடிப் பிள்ளை என்றால் எழுதியிருப்பேன்.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். ஸ்டுடியோவில் நடந்ததைச் சொன்னாள். படம் முழுக்க அவர்கள் கேட்ட தமிழில்தான் பேசினாளாம். அந்த ஓடுகிற இடத்தில் மட்டும், இருட்டறையில், காதில் அந்த டொக் டொக் சத்தம் ஏறி ஏறி வந்ததில் தன்னை மறந்து கத்திவிட்டாளாம். அவர்களுக்கு அது பிடித்துப்போய் அப்படியே வைத்துக்கொண்டார்களாம்.

"ஏக்தம், ரொம்பப் பயந்துட்டேன் மாமா. பயந்தா வீட்டுப் பேச்சுதான வரும்? வீடியோ பார்லர்ல நீங்க என்னன்னு கத்துனிய? அப்பா சொல்லிருக்காவ."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். இத்தனை வருஷம் கொலைகாரன் படங்களைப் பற்றி எழுதியிருக்கிறேன், பயம் என்றால் என்ன என்று பக்கம் பக்கமாக விளக்கியிருக்கிறேன். அந்தப் புதிய படத்தில் பயம் என்று ஒன்று இருந்ததே அந்த ஒரே ஒரு அலறலில்தான். மிச்சமெல்லாம் சாயம். அதைத்தான் நான் கட்டம் கட்டிக் கொன்றிருக்கிறேன். விமர்சகனாம் விமர்சகன், த்தூ.

இதை எல்லாருக்கும் தெரிகிறமாதிரி எழுதிவிடுகிறேன், நான் எழுதினது தப்பு என்று அதே பக்கத்தில் போடுகிறேன், உங்கள் அப்பாவிடமும் இப்போதே வந்து சொல்கிறேன் என்று எழுந்தேன். அவள் என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். அப்பாவிடம் மூச்சு விடக் கூடாது என்றாள். அவர் தினமும் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார், கேட்டுவிட்டுத்தான் கடை அடைக்கிறார், அதைக் கெடுக்காதீர்கள் என்றாள். சென்னைக்கு அதைக் கொண்டுபோக வேண்டாம், கடையிலேயே இருக்கட்டும் என்று அவரிடம் சொல்லியாயிற்றாம். ஆக எனக்கு அந்த வழியும் அடைபட்டது. இனி நானும் கடைக்குப் போகும்போதெல்லாம் அண்ணாச்சிமாதிரி ஏதாவது ஒன்றை வாசிக்க வேண்டியதுதான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன் மாமா. ஒரு தடவ அச்சுல இருக்கத அப்பிடியே வாசிங்க. ஒங்க வாயால கேக்கணும்."

போனை என் கையில் கொடுத்தாள். வேண்டாம் பிள்ளே என்றேன். வாசியுங்கள் என்றாள். ஒரு லோக்கல் வந்து நின்றது, ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். வாசித்தேன். "பனிநாட்டுக் கதாநாயகிக்குத் தமிழ்க்குரல் கொடுத்த புண்ணியவதி யாரென்று தெரியவில்லை. கொலைகாரன் எதிரே நிற்கும்போது இவர் தாராவிக்" என்றதோடு நின்றுவிட்டேன். மேலே போக முடியவில்லை. எழுத்தெல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிட்டது.

அவள் போனைப் பார்க்கவில்லை, எதிர்ப் பிளாட்பாரத்தைப் பார்த்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து சொன்னாள். "தாராவிக் குழாயடியில் குடத்துக்குச் சண்டை போடுவதுபோலக் கத்துகிறார். இந்தக் குரலைக் கேட்டுக் கொலைகாரனே பயந்து ஓடியிருக்க வேண்டும். ஓடாதது இயக்குநரின் பிழை." ஒரு எழுத்துப் பிசகவில்லை. படிக்கத் தெரியாத பிள்ளை, போன் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டு அத்தனையையும் மனப்பாடம் செய்திருக்கிறாள்.

டெஸ்டில் ஏதாவது ஒன்றைத் தமிழில் பேசிக்காட்டச் சொல்வார்களாம். இதைத்தான் பேசப்போகிறாளாம், மாமா எழுதினதைவிட நல்ல தமிழ் எனக்கு எங்கே கிடைக்கும் என்றாள். குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை, அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். உச்சரிப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டாள். சரியாக இருக்கிறது என்றேன்.

சரியாகத்தான் இருந்தது. தெளிவாக, அளவாக, எந்த ஊர் என்று யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி இருந்தது. என் மனைவி அடுக்களையிலிருந்து கேட்டிருந்தால், பிள்ளை வந்திருக்கிறாளா என்று எட்டிப் பார்த்திருக்க மாட்டாள்.